ஆணியில் தொங்கிய மயில்கழுத்துப் பச்சை

"நான் செத்தா என்ற மேல போத்துற கோடித்துணி எந்த லாட்டுன்னு சொல்லிட்டுத்தானுங்க பாடையில ஏறுவேன்."

லிங்கசாமி இதை அறிவித்தது ஓர் ஆயுத பூஜை அன்று, காலை ஆறு மணிக்கு, சந்தனமும் குங்குமமும் வைத்த டம்பல்ஸ் வரிசைக்கு முன்னால். துணி விஷயத்தில் அவருடைய கண் தவறியதாக இதுவரை சரித்திரம் கிடையாது, இனிமேலும் இருக்காது என்பது அந்த அறிவிப்பின் சாரம். ஜிம்மில் இருந்த பதினெட்டுப் பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஜிம்மின் சொந்தக்காரர் நஜீமுதீன் மட்டும் பொரிப் பொட்டலத்தை நீட்டி, "அத்தனை அவசரம் எதுக்குங்கண்ணா, மொதல்ல பொரி தின்னுங்க" என்றார்.

லிங்கசாமி வீண் பெருமை பேசுகிறவர் அல்ல. அவருடைய பெருமைகள் எல்லாம் ஆதாரம் உள்ளவை. குண்டடத்துப் பக்கமிருந்து பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு வந்தவர், இப்போது ஐம்பத்தொன்று. இருபத்தெட்டு வருஷமாக ஒரே பனியன் கம்பெனியில் ஷேடு, அதாவது துணியின் நிறச்சாயல், பார்க்கிறார். ஒரே சாயமானாலும் ஒரு தடவை நனைத்த லாட்டுத் துணி அடுத்த தடவை நனைத்த லாட்டுத் துணி மாதிரி வராது. அண்ணன் தம்பி போல ஜாடை இருக்கும், அவ்வளவுதான். உடம்புப் பாகத்தை ஒரு லாட்டிலும் கையை இன்னொரு லாட்டிலும் வெட்டிவிட்டால் சட்டை முழுதாக இருக்கும், மானம் இருக்காது. கடல் தாண்டிப் போன பெட்டிகள் அத்தனையும் திரும்பி வரும். ஆகவே வெட்டுவதற்கு முன்னால் ஒருவர் பார்த்து, ஷேடு கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் லிங்கசாமி. அவர் கையெழுத்தில்லாமல் கட்டிங் மேஜையில் கத்தி நகராது.

இந்தப் பதவி ஒரு மனிதனைக் கம்பெனிக்கு வெளியிலும் சும்மா இருக்க விடாது. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சட்டையும் வேட்டியும் வேற வெள்ளைங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். அந்த மாப்பிள்ளைக்கு அப்புறம் தாலி கட்டுவதில் மனம் ஒட்டாது.

சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால் எட்டு வருஷத்துக்கு முன் நஜீமுதீனின் ஜிம்மில் சேர்ந்தார். காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழே பனியன் வேஸ்ட் குடோன், மேலே ஜிம். இரண்டும் நஜீமுதீனுடையவை. கம்பெனிகளில் வெட்டிக் கழித்த துணித்துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கீழே வந்து இறங்கும். மேலே வருகிறவர்கள் போகிற போக்கில் ஒரு துண்டை உருவிக்கொண்டு வந்து வியர்வை துடைப்பார்கள். தண்ணீர் குடிக்கப் போகும்போது அதையே மெஷின் மேல் போட்டுவிட்டுப் போவார்கள். துணி கிடந்தால் ஆள் வருவார் என்று அர்த்தம். உலகத்தில் மற்ற ஜிம்களில் இதற்காக அடிதடி நடப்பதாகக் கேள்வி. இங்கே ஒரு சாண் பனியன் துணி அதைத் தடுத்து வைத்திருந்தது.

ஆனால் யார் துணி எது என்பதில் குழப்பம் வந்தது. லிங்கசாமி தலையிட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் அரை டஜன் துண்டு, ஆயுள் உரிமையாக ஒதுக்கினார். கீழே மூட்டைகளுக்குள் இறங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து, ஐம்பத்திரண்டு நிறம் பிரித்தார். கூடவே சட்டமும் இயற்றினார். துணி போட்ட மெஷினில் அடுத்தவர் உட்காரக்கூடாது. ஆனால் போட்டவர் ஐந்து நிமிஷத்துக்குள் திரும்ப வேண்டும். வராவிட்டால் அந்தத் துணி கண்ணாடிக்குப் பக்கத்தில் உள்ள ஆணியில் மாட்டப்படும். துணிக்குச் சொந்தக்காரர் சபையில் ஒப்புக்கொண்டு, ஒரு வாரம் அத்தனை மெஷினையும் துடைக்க வேண்டும். அடுத்தவர் துணியைத் தெரிந்தே எடுப்பது பற்றிச் சட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. அப்படி ஒரு பாதகம் நடக்கக்கூடும் என்று லிங்கசாமிக்குத் தோன்றவில்லை.

தனக்கென்று அவர் எடுத்துக்கொண்டது மயில்கழுத்துப் பச்சை.

அந்த ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் முனீஸ் வந்து சேர்ந்தான். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவன். நாள் முழுக்கக் குனிந்து தைத்துக் கழுத்தும் தோளும் கல்லாகிவிட்டன. மேலிருந்து கம்பியை நெஞ்சுக்கு இழுக்கிற அந்த புல்டவுன் மெஷினில் நாலு செட் இழுத்தால்தான் அவனால் அன்றைக்குத் தலையைத் திருப்ப முடியும். அப்படி ஒரு மெஷின் அங்கே இருந்தது ஒன்றே ஒன்று.

அவனுக்கு லிங்கசாமி எடுத்துக் கொடுத்த துண்டுகள் மயில்கழுத்து நீலம்.

நஜீமுதீன் இரண்டையும் பார்த்தார். "அண்ணா, உங்களதும் தம்பியோடதும் ஒண்ணு போலயே இருக்குதுங்களே."

லிங்கசாமி சிரித்தார். குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "பாய், இதுக்கும் அதுக்கும் குண்டடத்துக்கும் மூலனூருக்கும் இருக்கற தூரம். நடுவுல பஸ்ஸே விடலாமுங்க."

மார்கழி வந்தது. ஜிம்முக்குள் பனி இறங்கியது.

ஜன்னல்களை மூடித்தான் வைத்திருந்தார்கள். இருந்தாலும் லிங்கசாமிக்கு உள்ளே பனி தெரிந்தது. ஒவ்வொரு டியூப்லைட்டைச் சுற்றியும் யாரோ மல்லிகைச் சரம் சுற்றிவிட்டது போல ஒரு வெள்ளை வட்டம். கண்ணாடியில் தெரிகிற ஆட்கள் ஓரம் கரைந்து, பாலில் நனைத்த பன் மாதிரி மெத்தென்று ஆகிவிட்டார்கள். இரும்புத் தகடுகளுக்குக்கூட ஒரு கனிவு வந்திருந்தது. தை பிறந்தது, மாசியும் வந்தது. தெருவில் வெயில் சுட்டது, ஜிம்முக்குள் மட்டும் மார்கழி போகவில்லை.

"லைட்டு மாத்தீட்டீங்ளா பாய்?"

"இல்லீங்களேண்ணா. அதே லைட்டுதான்."

"நல்லாருக்குது. மாத்தாதீங்க."

உண்மையிலேயே அவருக்கு அது பிடித்திருந்தது. புல்டவுனில் உட்கார்ந்து ஒரு செட் முடித்தால் அடுத்த செட்டுக்கு முன் ஒரு நிமிஷம் ஓய்வு என்பது ஜிம் வழக்கம். அந்த ஒரு நிமிஷத்தில் லிங்கசாமி வெகுதூரம் போய்வரத் தொடங்கினார். கையில் பிடித்த கம்பி மெதுவாக மேலே இழுக்கும், கூரை வழிவிடும். கீழே மொட்டை மாடிகளில் காயும் பனியன்கள் கை அசைக்கும். குழாயாக நெய்து வருகிற துணி ஒன்று அறுபடாமல் காதர்பேட்டையிலிருந்து கிளம்பி, பல்லடம் தாண்டி, குண்டடத்துச் சோளக்காட்டுக்கு மேலே வானத்தில் ஓடும். அதன் நிறம் என்ன என்று பார்க்கக் குனிவார். அந்த இடத்தில் மட்டும் கனவு ஒத்துழைக்காது. எத்தனை குனிந்தாலும் அது நிறம் சொல்லாமல் ஓடும். அவர் விழிக்கும்போது மூன்று பேர் தத்தம் துணியோடு வரிசையில் நின்று, அவரைப் பார்க்காமல், விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் மனைவி அனுசுயாவுக்கு இந்தப் பனி பற்றி வேறு கருத்து இருந்தது.

"ஏனுங்க, கண்ணாஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரலாமுங்க. நேத்து உப்புன்னு சொல்லி மோருல சக்கரையப் போட்டீங்க."

"ரெண்டும் வெள்ளை."

"உங்களுக்கா ரெண்டும் வெள்ளை? ஊரான் கண்ணாலத்துல போயி வெள்ளையில நாலு வெள்ளைன்னு சொல்லிட்டு வர்றவருக்கு?"

லிங்கசாமி அந்த மோரைக் குடித்தார். குடித்ததை நியாயப்படுத்த இன்னொரு டம்ளரும் கேட்டார்.

அவருடைய சட்டைப்பையில் இரண்டு நாளாக ஒரு ஷேடு கார்டு இருந்தது. நாலு டன் துணி. உடம்புக்கு ஒரு லாட், கைக்கு ஒரு லாட். இரண்டும் சேருமா, சேராதா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு காலத்தில் அது டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. மேனேஜர் பொங்கியண்ணன் கேட்டதற்கு, "வெயில்ல வெச்சுப் பாக்கோணுமுங்க, வெள்ளிக்கிழமை தர்றேன்" என்று சொல்லியிருந்தார். வெயில் இரண்டு நாளும் அடித்தது. அவர்தான் கார்டை வெளியே எடுக்கவில்லை. கண் போய்விட்டது என்று கம்பெனிக்குத் தெரிந்தால் லிங்கசாமி என்று ஒருவர் அங்கே எதற்கு? தப்பாகக் கையெழுத்துப் போட்டால் நாலு டன்னும் எதற்கு? இந்த இரண்டு கேள்வியையும் அவர் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, நெஞ்சு கனக்கிறது என்று புல்டவுனில் எடையைக் குறைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் ஜிம்மில் அந்த வாரம் ஒரு பாதகம் தினமும் நடந்துகொண்டிருந்தது.

முனீஸ் புல்டவுனில் இரண்டு செட் இழுத்து, நீலத்துணியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவான். லிங்கசாமி பனிக்குள்ளிருந்து வருவார். துணியைப் பார்ப்பார். 'அட, நாம் ஏற்கெனவே இடம் போட்டிருக்கிறோம்' என்று மகிழ்வார். எப்போது போட்டோம் என்று நினைவில்லாததைக் கனவின் கணக்கில் எழுதிவிட்டு உட்காருவார். இருபது நிமிஷம். எழுந்து போகும்போது நீலத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். அவருடைய சொந்தப் பச்சையோ காலால் எடை தள்ளும் லெக் பிரஸ் மெஷின் மேல் ஆளில்லாமல் கிடக்கும். அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒருவரும் தொடவில்லை. சட்டம் இயற்றியவரின் துணியை யார் ஆணியில் மாட்டுவது? அந்த நாட்களில் ஜிம்மில் யாருக்கும் கால் வலுவேறவில்லை.

மூன்றாம் நாள் முனீஸ் நஜீமுதீனிடம் போனான். கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்போடு திரும்பித்தான் பேசினான்.

"பாய், அண்ணாச்சி தெனமும் என் துணிய எடுத்துட்டுப் போறாரு. நான் எப்படிச் சொல்ல?"

"சொல்லாத கண்ணு."

"எனக்குத் தோளு புடிச்சிருக்கு பாய். நேத்து சூப்பர்வைசர் கூப்புடுதாருன்னு திரும்ப முடியாம, சேரோட திரும்புனேன்."

"அவருக்குக் கண்ணு போச்சுன்னு நாம சொன்னா அவருக்கு வேற என்ன மிச்சமிருக்குது? ரெண்டு நாளு பொறு. அவரே பாத்துக்குவாரு."

"எதை வச்சுப் பாப்பாரு?" என்றான் முனீஸ்.  நஜீமுதீன், கீழே மூட்டை வந்திருக்கிறது என்று சொல்லி இறங்கிப் போனார். மூட்டை வரவில்லை.

லிங்கசாமியே பார்த்தார். புதன்கிழமை காலை, கால் பயிற்சி செய்யலாம் என்று லெக் பிரஸ் பக்கம் போனவர், அதன் மேல் ஒரு துணி கிடப்பதைக் கண்டார். கைக்கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஐந்து நிமிஷம். பத்து. இருபது. யாரும் வரவில்லை. எட்டு வருஷத்தில் இப்படி ஒரு அலட்சியம் நடந்ததில்லை. துணியை இரண்டு விரலால் தூக்கி, லைட்டுக்கு நேரே பிடித்து, தலையைச் சாய்த்து, அந்தப் பிரசித்தி பெற்ற பார்வையைச் செலுத்தினார். ஜிம் முழுவதும் நின்றது. ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டிருந்தவர்கூட அதை நிறுத்தாமல் இறங்கி வந்துவிட்டார். பெல்ட் மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது.

தோளில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தன்னுடையது தன்னிடம் இருக்கிறது. அப்படியானால் இது மற்றது.

"மயில்கழுத்து நீலம்" என்று தீர்ப்புச் சொன்னார். "தம்பி முனீஸு, இது உங்களுதுங்களா?"

அவர் கையில் இருந்தது பச்சை. தோளில் கிடந்தது நீலம். பதினேழு பேருக்கு அது தெரிந்தது. பதினேழு பேரும் முனீஸைப் பார்த்தார்கள். முனீஸ் உடம்போடு திரும்பி நஜீமுதீனைப் பார்த்தான். நஜீமுதீன் தன் கால்விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஆமா அண்ணாச்சி" என்றான் முனீஸ். "என்னுதுதான். மறந்துட்டேன்."

"மறக்கறது மனுச சுபாவம். ஆனாச் சட்டம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?"

"இருக்கு."

"ஒரு வாரம் தொடைக்கோணும். கோவிச்சுக்காதீங்க."

"கோவமெல்லாம் இல்ல அண்ணாச்சி."

லிங்கசாமி தன்னுடைய பச்சைத் துணியைத் தானே கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். மாட்டும்போது ஆணி இருக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் இரண்டு முறை மாட்டப் பார்த்தார். துணி இரண்டு முறையும் கீழே விழுந்தது. மூன்றாம் முறை நஜீமுதீன் வந்து, பேச்சோடு பேச்சாக அவர் மணிக்கட்டைப் பிடித்து ஆணிக்குக் கொண்டுபோனார்.

"நாளைக்கு மழை வருமாங்கண்ணா?"

"மாசியில என்ன மழைங்க பாய்" என்றார் லிங்கசாமி. ஆனால் அந்தக் கைப்பிடி அவருக்கு நாள் முழுக்க மறக்கவில்லை. ஆணியில் மாட்டத் தெரியாதவனை யாரும் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப் போவதில்லை. அப்படிக் கூட்டிப் போவது வேறு ஆட்களை.

வியாழக்கிழமை அவர் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டார். மதியம் அனுசுயா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டுக் கீழே குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, ஜிம்முத் துணி உங்களுது பச்சைன்னுதான சொல்லுவீங்க? கொடியில மூணு நீலம் தொங்குது. யாரு ஊட்டுத் துணிய வாரிக் கட்டீட்டு வந்தீங்க?"

அவர் மேலே போனார். கொடியில் ஆறு துண்டுகள் வரிசையாகக் காற்றில் ஆடின. அத்தனையும் மயில்கழுத்துப் பச்சை.

"எது நீலம்?"

அனுசுயா மூன்றைத் தொட்டுக் காட்டினாள். பக்கெட்டை எடுத்துக்கொண்டு மாடியின் மறுகோடிக்குப் போய், ஏற்கெனவே பிழிந்த துணியை மறுபடி பிழிந்தாள்.

லிங்கசாமி உச்சி வெயிலில் நின்றார். சுற்றிலும் மொட்டை மாடிகள், எல்லா மாடியிலும் துணிகள், கனவில் கண்டது போலவே கை அசைத்தன. இடது கையால் இடக்கண்ணை மூடினார். ஆறும் பச்சை. கையை மாற்றி வலக்கண்ணை மூடினார். மூன்று துண்டுகள் மெல்லத் தம் இனத்தை விட்டு விலகி நீலமாயின. மறுபடி இந்தக் கண். ஆறும் பச்சை. மறுபடி அந்தக் கண். மூன்று நீலம். ஒரு கண்ணில் குண்டடமும் மூலனூரும் ஒரே ஊராகவும் இன்னொரு கண்ணில் தனித்தனியாகவும் இருந்தன. நடுவில் ஓடிய பஸ்ஸை அவர்தான் எங்கோ தவறவிட்டிருந்தார்.

வெகுநேரம் அப்படி மாற்றி மாற்றி மூடிக்கொண்டிருந்தார். பக்கத்து மாடிக்காரர் யாருக்கோ சைகை காட்டுகிறார் என்று நினைத்துத் தானும் கையாட்டினார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஷேடு கார்டை எடுத்தார். இடக்கண்ணால் பார்த்தார். சேருகிற மாதிரியும் இருந்தது, சேராத மாதிரியும் இருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு துணி அவரிடம் இரண்டு விதமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கார்டைப் பையில் வைத்துவிட்டு போனை எடுத்தார்.

"பொங்கியண்ணனுங்களா? அந்தக் கார்டுல நான் கையெழுத்துப் போடலீங்க. எங்கிட்ட வேலை கத்துக்கிட்ட தவசியப் பாக்கச் சொல்லுங்க."

"ஏனுங்க, துணியில ஏதாச்சும்?"

"துணி நல்லாத்தானுங்க இருக்கும்."

அந்தப் பக்கம் மெஷின் சத்தத்தை விட்டு வெளியே நடந்து வருவது கேட்டது.

"கண்ணுங்களா?" என்றார் பொங்கியண்ணன்.

"ஆமாங்க."

"எங்கய்யனுக்குப் புரை எடுத்தாங்க. காத்தால போயி மத்தியானம் ஊட்டுக்கு வந்துட்டாரு. அடுத்த நாளு எங்கம்மாளப் பாத்து, எப்ப உனக்கு இத்தனை நரைச்சுதுன்னு கேட்டாரு. அதுதான் பிரச்சினை. மத்தபடி ஒண்ணுமில்லீங்க. எடுத்துட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை காலை ஜிம்மில் முனீஸ் தண்டனைப்படி மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். லிங்கசாமி வந்தார். துவைத்து மடித்த மூன்று நீலத் துண்டுகளை அவன் பக்கத்தில் வைத்தார். அவன் கையிலிருந்த துடைக்கிற துணியை வாங்கிக்கொண்டார்.

"நீங்க போயி இழுங்க தம்பி."

"இன்னும் நாலு மெஷின் பாக்கி இருக்கு அண்ணாச்சி."

"அது என்னுதுங்க."

முனீஸ் அவர் முகத்தைப் பார்த்தான். புல்டவுனுக்குப் போய் உட்கார்ந்தான். லிங்கசாமி நாலு மெஷினையும் துடைத்தார். லெக் பிரஸ்ஸைக் கொஞ்சம் அதிக நேரம் துடைத்தார். பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் போய், சுவரைத் தடவி ஆணியைக் கண்டுபிடித்து, அதில் தொங்கிய பச்சையை எடுத்துக்கொண்டார்.

"பாய், திங்கக்கெழமை வர மாட்டனுங்க. ஆஸ்பத்திரி."

"நானும் வரட்டுங்களாண்ணா? வண்டி இருக்குது."

"வாங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து பச்சைத் துணியின் ஒரு மூலையை எடுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டார். பல்லால் கடித்து இறுக்கினார். ஜிம்மில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் கண்ணாடி பிம்பத்தில் ஏதோ குறை கண்டுபிடித்து அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

முனீஸ் முடித்ததும் லிங்கசாமி இரண்டு செட் இழுத்தார். துணியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வரும்போது மல்லிகை சுற்றிய வெளிச்சத்தில், மெஷினில் ஒரு துணியும் பக்கத்துப் பெஞ்சில் ஒரு துணியும் கிடந்தன. இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள் போல இருந்தன.

அவர் குனிந்து பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். பெஞ்சில் கிடந்த துணியின் ஓரத்தில் விரலை ஓட்டினார். நாலு மூலையும் வழுவழுவென்று இருந்தன. அதை அப்படியே விட்டுவிட்டு மெஷினில் கிடந்ததைத் தொட்டார். மூன்றாவது மூலையில் முடிச்சு இருந்தது. உட்கார்ந்தார்.